அவள் முடிக்கும் வரை

ஏப்ரல் 22

இவர் கடைக்கு வருஷா வருஷம் பேட்டரி கம்பெனிக்காரர்கள் கொடுக்கிற டைரி இது. வழக்கமாக மார்கழியில் கோலம் போட்டுப் பார்க்கத்தான் உதவும். இந்த வருஷம் எனக்கு வேறு வேலைக்கு வந்திருக்கிறது. "பேசாம இருந்தா உனக்குப் பைத்தியம் புடிச்சிரும் கோதை. எல்லாத்தையும் இதுல கொட்டிரு" என்று மேசைமேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

ஆறு மாதமாகக் குரல் கம்மிக்கொண்டே வந்தது. அதிமதுரம், வெந்நீர், மாத்திரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. இன்று காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டுத் திரையில் காட்டினார். குரல்நாணில் மிளகு அளவுக்கு ஒரு கட்டி.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பேசுவீங்க மேடம்?"

காலையில் வீட்டில் டியூஷன், பகலில் பள்ளிக்கூடம், சாயங்காலம் கோச்சிங் சென்டர், நடுவில் பெற்றோர்களின் போன் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, "போதும்ங்க, இப்பவே நிறுத்துங்க" என்று சிரித்தார். வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்கப்புறம் இரண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதலாம். வெட்டி எடுப்பதைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம். அதைப் பற்றி இப்போது யோசிக்கப் போவதில்லை.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கோடை வகுப்பு மே ஒன்றாம் தேதி தொடங்குகிறது. வகை நுண்கணிதத்தை என்னை விட்டால் யார் நடத்துவார்கள் என்று தெரியவில்லை. சென்டர் நடத்துகிற கணேஷ்பிரபு சார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.

வீட்டைப் பற்றிக் கவலை இல்லை. மகள் தாரிகாவை நினைத்தால்தான் யோசனையாக இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். பெரிதாக ஒன்றும் இல்லை, பக்கத்தில் நான் இருந்தால் வெளியே தெரியவே தெரியாது. முதல் எழுத்து வந்தவுடன் மிச்சம் எனக்குப் புரிந்துவிடும், நானே சொல்லி முடித்துவிடுவேன். இந்த இரண்டு வாரம் பாவம், குழந்தை என்ன செய்யப் போகிறாளோ.

ஏப்ரல் 25

முடிந்தது. வலி அதிகம் இல்லை. பேசவில்லை.

ஏப்ரல் 27

வீட்டுக்கு வந்தாயிற்று. இவர் ஒரு சிலேட்டும் ஒரு டப்பா சாக்பீஸும் வாங்கி வந்தார். நான் எழுதிக் காட்டினால் அதை வாங்கிக் கீழே பதிலை எழுதித் தருகிறார். "நீங்கள் வாயால் சொல்லலாமே" என்று எழுதிக் காட்டிய பிறகுதான் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். பார்க்க வருகிறவர்கள் எனக்குக் காது கேட்காதது போலக் கத்திப் பேசுகிறார்கள்.

போன் அடித்தால் எடுத்து என்ன செய்வது? பார்த்துக்கொண்டே இருந்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு மெசேஜாக வரத் தொடங்கியது. பதில் எழுதி எழுதிக் கட்டைவிரல் வலிக்கிறது. பேசுவதை விட இதற்குத்தான் அதிக நேரம் போகிறது.

ஏப்ரல் 29

காலையில் சிலிண்டர் வந்தது. இவர் கடைக்குப் போய்விட்டார். வெயில் காலம், கரண்ட் போய்ப் போய் வருகிறது, இன்வெர்ட்டர் கேட்டு ஊரே இவர் கடை வாசலில் நிற்கிறது.

சிலிண்டர்காரர் சந்துமுனையில் வண்டியை நிறுத்திக்கொண்டே, "அம்மா, போன்ல வந்த நம்பர் சொல்லுங்க" என்று கத்தினார். நான் சிலேட்டைத் தேடி உள்ளே ஓடினேன். திரும்பி வருவதற்குள் தாரிகா என் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். முதல் எண் ஒன்பது, வந்துவிட்டது. அடுத்தது இரண்டு. அங்கேயே நின்றுவிட்டது. உதடு திறந்திருக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, சத்தம் வரவில்லை. என் வாய் தானாகத் திறந்தது. கையால் பொத்திக்கொண்டேன்.

சிலிண்டர்காரர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மடித்துப் போட்டுக்கொண்டார். வேறொன்றும் செய்யவில்லை. இரண்டு வந்தது. மற்ற இரண்டும் வந்தன.

"சரிங்க பாப்பா" என்றார்.

எனக்குத்தான் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அவள் ஒன்றும் நடக்காதது போல, "ரெ... ரெகுலேட்டர நானே மாட்டறேன்" என்று உள்ளே போனாள்.

மே 1

கோடை வகுப்பு நான் இல்லாமல் தொடங்கிவிட்டது. என் இடத்தில் புதிதாக ஒரு பையனைப் போட்டிருக்கிறார்கள். எந்தக் கணக்கை முதலில் போட வேண்டும், எதை வீட்டுப்பாடமாகக் கொடுக்க வேண்டும் என்று மத்தியானம் வரை அவனுக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

தாரிகா இரண்டு தடவை வந்து பக்கத்தில் நின்றாள். என்ன என்று புருவத்தைத் தூக்கினேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

மே 2

போனில் சார்ஜ் இல்லை, வீட்டில் கரண்ட் இல்லை. ஊருக்கே இன்வெர்ட்டர் விற்கிறவர் வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தாரிகா மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்து, "அம்மா, ம... ம..." என்று நின்றாள்.

மாத்திரையா? அலமாரியைக் காட்டினேன். தலையாட்டினாள். மாவா? பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினேன். இல்லை. மழையா? ஜன்னலைக் காட்டினேன், வெயில் கொளுத்துகிறது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இன்னும் வார்த்தை வராது. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தேன். வேறென்ன செய்ய முடியும்?

"மயில்மா! பின்னாடி வீட்டு ம... மதில் மேல!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். மயில் போய்விட்டிருந்தது. அது எப்படி நின்றது, எப்படிக் கழுத்தைத் திருப்பியது, பூனையைப் பார்த்ததும் எப்படிக் குதித்தது என்று அவள் சொன்னாள். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து கேட்டேன். வெங்காயம் பாதியில் கிடந்தது.

குரல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். "மாவு தீந்துருச்சா? சாயங்காலம் ஆட்டிக்கலாம்." அவளும் சரி என்று போயிருப்பாள்.

மே 4

பரிசோதனை முடிவு வந்தது. சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றும் இல்லை. இவர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து சேதியைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

மே 6

மத்தியானம். மறுபடியும் கரண்ட் இல்லை. கூடத்தில் முறத்தைப் போட்டுக்கொண்டு புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். தாரிகா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். இந்த நாட்களில் அவள் நிறையப் பேசுகிறாள். திக்கத்தான் செய்கிறது. அதை இனி இங்கே எழுதப் போவதில்லை. அவள் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

"அம்மா, தீபாவளி முடிஞ்சு ஒரு நாள். நீ பேப்பர் திருத்திட்டு இருந்த. நான் வந்து 'எனக்கு ப'ன்னு ஆரம்பிச்சேன். ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

"நீ 'பசிக்குதா, இரு சாமி'ன்னு எந்திரிச்சுப் போயி தோச ஊத்துன."

கொட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"நான் பசிக்குதுன்னு சொல்ல வரல. பயமா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

காத்திருந்தேன்.

"அப்பறம் தோசையச் சாப்ட்டேன். ரெண்டு."

அதற்குப் பிறகு சொன்னது முழுதாக வர வெகுநேரம் ஆனது. ஆங்கில வகுப்பில் தினமும் ஒருவர் எழுந்து பாடத்தைப் படிக்க வேண்டும். அவள் முறை வந்தபோது முதல் வரியிலேயே நின்றுவிட்டது. கடைசி பெஞ்சில் ஒருவன் ஒளித்து வைத்திருந்த போனில் அதைப் பதிவு செய்துவிட்டான். அன்று சாயங்காலமே மேளம் எல்லாம் சேர்த்துப் பாட்டு மாதிரி ஆக்கி வகுப்பு குரூப்பில் போட்டிருக்கிறார்கள். அதை ரிங்டோனாக வைத்துக்கொண்டவர்களும் உண்டு. சாயங்காலம் நான் சென்டருக்குப் போய்விடுவதால் அவள் வீடு திரும்புகிற பள்ளி வேனில் தினமும் யாராவது ஒருவர் போனில் அது ஒலிக்கும். அவளும் சிரிக்க வேண்டுமாம், சிரிக்காவிட்டால் இன்னும் ஜாஸ்தியாகப் போடுவார்களாம்.

"டீச்சர் திட்டலயான்னு நெனைக்கிறயா? அவங்களுக்குத் தெரியாது. நான் நின்னுட்டா அவங்க 'அடுத்து'ன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. என்னயக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னுதான்."

அதே பள்ளிக்கூடத்தில்தான் நான் இருக்கிறேன். எதிர்க் கட்டடம், இரண்டாம் மாடி. எங்கள் ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் நின்றால் அவள் வகுப்பு வாசல் தெரியும்.

வாயைத் திறந்தேன். அவள் எட்டி, புளி ஒட்டிய கையாலேயே என் உதட்டை மூடினாள்.

"வேண்டாம்மா. தையல் பிரிஞ்சுரும்."

தையல் எல்லாம் போடவில்லை. அதைச் சொல்லவும் முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் கையும் புளியாகப் பிசுபிசுத்தது. மிச்சப் புளியை அவள்தான் முடித்தாள்.

மே 7

நேற்று சாயங்காலம் இவர் வந்ததும் எல்லாவற்றையும் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். எழுத எழுத இடம் போதவில்லை. அழித்து அழித்து எழுதினேன். படித்து முடித்ததும் வண்டிச் சாவியைத் தேடினார். "எவன்டா அவன்? வூட்டுக்கே போய்க் கேக்கறேன்" என்று சட்டையை மாட்டினார். அமைதியான மனிதர், இப்படிப் பார்த்ததே இல்லை.

தாரிகா வாசற்கதவில் போய் நின்றுகொண்டாள்.

"அப்பா, நில்லு. எனக்குச் சண்ட வேண்டாம்."

"பின்ன என்ன கண்ணு வேணும் உனக்கு?"

அவளுக்கு இப்போது சுத்தமாக வரவில்லை. இவர் வாயெடுத்தார். நான் கையைப் பிடித்து அழுத்தினேன். நின்றார்.

"வேற ஸ்கூல் வேணும். பிளஸ் ஒன்னுக்கு."

"அங்கயும் இதே மாதிரி நாலு பேர் இருக்க மாட்டானுங்களா?"

"இருப்பாங்க. ஆனா அங்க நான் பூங்கோதை மேடம் பொண்ணு இல்ல. இங்க எது நடந்தாலும் 'மேடம்கிட்டச் சொல்லிராத'ன்னுதான் எல்லாரும் பயப்படறாங்க. என்கிட்ட யாரும் ஒன்னும் கேக்கறதில்ல."

இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் சிலேட்டில் ஒன்று எழுதினேன். அவளிடம் காட்டுவதற்கு முன்னால் அழித்துவிட்டேன்.

மே 9

செக்கப். குரல் பயிற்சி கொடுக்கிற ஷர்மிளா என்கிற சின்னப் பெண், "வாயை மூடிட்டு 'ம்'னு ஒரு சத்தம் குடுங்க" என்றாள். பயந்து பயந்து கொடுத்தேன். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுவது போலக் கேட்டது. அவள் கைதட்டினாள். இனி ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் பேசலாம். வாரம் போகப் போகக் கூட்டிக்கொள்ளலாம். கத்தக் கூடாது.

நான் கிளம்ப எழுந்தபோது தாரிகா உட்கார்ந்தே இருந்தாள். ஷர்மிளாவைப் பார்த்து, அவளும் இங்கே வரலாமா என்று கேட்டாள். தானாகவே கேட்டாள். அவளை ஏழு வயதில் ஒரு பேச்சுத் தெரப்பிக்கு அழைத்துப் போனேன், நாலு வாரம் போனோம். அப்புறம் எனக்கு நேரம் ஒத்துவரவில்லை.

"வரலாமே. ஆனா திக்கவே திக்காமப் பண்ணிருவேன்னு சொல்ல மாட்டேன்" என்றாள் ஷர்மிளா. "திக்குதேன்னு பேசாம உட்கார்றது இருக்கு பாரு, அதைச் சரி பண்ணலாம்."

"எ... எப்ப வரட்டும்?"

"அம்மா வர்ற அன்னிக்கே வா."

மே 10

ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். கணக்கில் நூறு இல்லை, பரவாயில்லை. சமூக அறிவியலில் நூறு.

காலையிலிருந்து போன். கணேஷ்பிரபு சார் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார். "மேடம், குரல் வந்துருச்சாமே!" என்று தொடங்கி, புதுப் பையன் வகுப்பைக் கட்டி மேய்க்க முடியாமல் திணறுவது, பெற்றோர்கள் என்னைக் கேட்பது, ஜூனிலிருந்து சாயங்காலம் இரண்டு வகுப்பு வேண்டும் என்பது எல்லாவற்றையும் சொன்னார். ஆமாங்க, இல்லைங்க, பார்க்கலாம்ங்க என்று பதில் சொல்லியே இன்றைய ஐந்து நிமிஷம் போய்விட்டது.

கோபியிலிருந்து இவர் அக்கா கூப்பிட்டபோது தாரிகாவே எடுத்துப் பேசினாள். நடுவில் இரண்டு முறை அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ, லைன் இருக்கா?" என்று கேட்டது. அவள் வைக்கவில்லை. "இருக்கேன் அத்தை" என்று சொல்லிப் பேசி முடித்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒரே ஒருக்கா என் பேரச் சொல்லிக் கூப்பிடேன். கேட்டு எத்தன நாளாச்சு."

தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன்.

"ஓ. தீந்துருச்சா? சரி, நாளைக்கு."

மே 11

எழுந்ததும் முதல் வேலையாக "தாரிகா" என்று கூப்பிட்டேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் வாய் நிறைய நுரையோடு எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றேன். மறுபடியும் கூப்பிட்டேன்.

மே 17

இப்போது அரை மணி நேரம் வரை பேசலாம். குரல் பழையபடி இல்லை, கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இவர், "எஃப்.எம்.ல செய்தி வாசிக்கிற பொம்பள மாதிரி இருக்குது" என்கிறார்.

கோபியில் சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். மூன்று பேரும் போனோம். பந்தியில் எனக்கு இந்தப் பக்கம் தாரிகா, அந்தப் பக்கம் என் பெரியம்மா மகள் தங்கமணி அக்கா. "அடுத்து என்ன குரூப் எடுக்கற கண்ணு?" என்று அக்கா கேட்டாள்.

"நான் க..."

"கம்ப்யூட்டர் சயின்ஸ்க்கா. கணக்கோட" என்றேன்.

இலையில் பாயசம் விழுந்தது. அக்கா, "நல்லது, நல்லது" என்று அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டாள். தாரிகா பாயசத்தைத் தொடவில்லை.

காரில் திரும்பும்போது, கவுந்தப்பாடி தாண்டிய பிறகு, பின் சீட்டிலிருந்து சொன்னாள். "காமர்ஸ்னு சொல்ல வந்தேன்."

இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

மே 18

தாரிகா பேசவில்லை. சாப்பிட வா என்றால் வருகிறாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறாள்.

மே 19

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. துணி காயப்போட மாடிக்குப் போனேன். அவளும் பக்கெட்டின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பெட்ஷீட்டை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து உதறினோம்.

"அன்னிக்குப் பந்தியில நான் பண்ணது தப்பு" என்றேன்.

"பரவால்லம்மா."

"பரவாயில்லாம எல்லாம் இல்ல. சொல்லு."

பெட்ஷீட்டைக் கொடியில் போட்டாள். அதற்கு அந்தப் பக்கம் அவள் முகம் தெரியவில்லை. கால் மட்டும்தான் தெரிந்தது.

"நீ பேசாம இருந்தப்ப நல்லா இருந்துச்சு."

சொல்லிவிட்டுப் பயந்துவிட்டாள். உடனே பெட்ஷீட்டை விலக்கிக்கொண்டு வந்து, "உனக்குக் குரல் வந்தது எனக்கு சந்தோஷம்தான்மா, நான் அந்த அர்த்தத்துல சொல்லல, ஆஸ்பத்திரில நீ இருந்தப்ப நான் எவ்வளவு..." என்று என்னவோ சொல்லத் தொடங்கினாள். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு எதுவும் வெளியே வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நான் கிளிப் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். புரிந்துவிட்டது என்று சொல்லி அணைத்துக்கொள்ளத் தோன்றியது. அப்படிச் செய்தாலும் அவள் வாக்கியத்தை நான் முடித்துவைத்தது போலத்தான் ஆகும். நின்றேன்.

"எவ்வளவு பயந்தேன் தெரியுமா" என்று முடித்தாள். "கட்டிய டெஸ்ட்டுக்கு அனுப்பறாங்கன்னு அப்பா சொன்னாரு. நான் உங்கிட்ட ஒன்னுமே பேசாமயே நீ போயிருவியோன்னு."

அதற்குப் பிறகுதான் அணைத்துக்கொண்டேன். ஈரத்துணி இரண்டு பேர்மேலும் பட்டு நனைந்தோம். இதை எழுதவே கை வரமாட்டேன் என்கிறது.

மே 22

கோச்சிங் சென்டருக்கு நேரில் போனேன். கணேஷ்பிரபு சார் டீ வரவழைத்தார்.

"சாயங்கால வகுப்பு இனிமே வேண்டாம்ங்க சார்."

"டாக்டர் சொல்லிட்டாருங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். "இல்லீங்க. டாக்டர் ஜூலைல இருந்து எடுக்கலாம்னுட்டாரு. எனக்கு அந்த நேரம் வீட்ல வேணும்."

"ஏனுங்க மேடம், வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லீங்களா?"

"எல்லாரும் நல்லாத்தாங்க இருக்காங்க."

அவருக்கு அது புரியவில்லை. மைக் வாங்கித் தருகிறேன், தொண்டைக்குச் சிரமம் இருக்காது என்றார். ஒரு வகுப்பாவது எடுங்கள் என்றார். நல்ல மனிதர், பத்து வருஷப் பழக்கம். வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது எனக்கே கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. அந்தக் கரும்பலகை முன்னால் நிற்கும்போது நான் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

மே 26

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருந்தேன். தாரிகா அவள் அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு என்னவோ பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா?" என்றாள். ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தேன். பாத்திரம் விளக்கினேன். அலமாரியை அடுக்கினேன். சிரிப்பாக வந்தது. நான் ஓய்வாக இருக்கிறேன் என்பதற்காக அவள் பேசிவிட வேண்டுமா என்ன?

சாப்பிட்ட பிறகு தானாக வந்து, காமர்ஸில் இடம் கிடைத்திருக்கிற புதுப் பள்ளியின் சீருடை நிறத்தைப் பற்றி அரை மணி நேரம் குறை சொன்னாள்.

ஜூன் 3

இன்று எங்கள் பள்ளிக்கு டி.சி. வாங்கப் போனோம். நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தபோது, "பஸ்ல போலாம்மா, வண்டியில பேச முடியாது" என்றாள். போகும்போது ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

தலைமையாசிரியை நிர்மலா மேடமும் நானும் ஒரே வருஷத்தில் சேர்ந்தவர்கள். விண்ணப்பத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "என்ன பூங்கோதை இது? நம்ம பொண்ணு, நம்ம ஸ்கூலு. இவ்வளவு நல்ல மார்க் வெச்சிட்டு எதுக்கு வெளிய அனுப்பறீங்க?"

"அவளே சொல்லுவாளுங்க மேடம்."

நிர்மலா மேடம் தாரிகாவைப் பார்த்தார். அவள் கைகளை மடியில் கோர்த்துக்கொண்டு குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் மறுபடியும் என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லிருங்களேன், பாவம் குழந்தை சிரமப்படுது" என்றார்.

எனக்கு எல்லாம் தெரியும். வரிசையாக, தேதியோடு, கணக்குப் போடுவது போலச் சொல்லியிருப்பேன். குரலும் இருக்கிறது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவசரம் இல்லீங்க மேடம். எங்களுக்கு நேரம் இருக்கு" என்றேன்.

தாரிகா சொன்னாள். வகுப்பு, போன், வேன் எல்லாம். நடுவில் மேடத்தின் செல்போன் அடித்தது. மேடம் பார்க்காமலே அமர்த்தினார். பியூன் ஒருவர் எட்டிப் பார்த்தார். மேடம் கையைக் காட்டினார், கதவைச் சாத்திக்கொண்டு போனார். சில இடங்களில் வார்த்தை வரவே வரவில்லை. அப்போது அவள் நிறுத்தி, மூச்சு விட்டு, அதே வார்த்தையை மறுபடியும் எடுத்தாள். சுலபமான வேறு வார்த்தைக்குப் போகவில்லை. ஷர்மிளாவிடம் பழகியது அது.

"எனக்கு இது தெரியாதும்மா" என்றார் மேடம். "யாரு யாருன்னு பேர் சொல்லு. கூப்பிட்டு விசாரிக்கறேன்."

"விசாரிங்க மேடம். அடுத்த வருஷம் வேற யாருக்காவது நடக்கும். ஆனா நான் அதுக்காக வரல. டி.சி. வேணும்."

மேடம் கையெழுத்துப் போட்டார். எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. இரண்டு பேர் சீட்டில் உட்கார்ந்தோம். தாரிகாவுக்கு முகம் முழுக்க வேர்த்திருந்தது, ஆனால் கண் பளபளவென்று இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பி, "அம்மா, நீ அதப் பாத்தியா? நிர்மலா மேடத்தோட..." என்று தொடங்கினாள். அங்கே மாட்டிக்கொண்டது.

கைப்பையில் என் போன் அதிர்ந்தது. அதிரட்டும் என்று விட்டேன்.

"சம்பத் நகர், சம்பத் நகர்!" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். நாங்கள் இறங்க வேண்டிய இடம். பஸ் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். கண்டக்டர் எங்களைப் பார்த்தார். டிக்கெட் கொடுத்தவர் அவர்தானே. "ஏனுங்க, எறங்கலீங்களா?"

தாரிகா வாயைத் திறந்தபடி ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ சொல்லு சாமி" என்றேன்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் கிளம்பியது.

"செ... செருப்பு!" என்றாள் தாரிகா. "மேசைக்குக் கீழ. ஒரு கால்ல கறுப்பு, ஒரு கால்ல ஊதா. ரெண்டும் வேற வேற செருப்பும்மா! நான் பேசறப்ப எல்லாம் அதையே பாத்துட்டு இருந்தேன். அதனாலதான் எனக்கு அழுகையே வரல."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்துவிட்டேன். அடுத்த நிறுத்தம் வரை இரண்டு பேராலும் நிறுத்த முடியவில்லை. இறங்கி, வந்த வழியே உச்சி வெயிலில் திரும்பி நடந்தோம். குடை இல்லை. அவள் துப்பட்டாவை விரித்து இரண்டு பேர் தலைக்கும் பிடித்துக்கொண்டாள்.

வீடு வரும்வரை அவள்தான் பேசினாள்.